ஐயாயிரம் வெள்ளி போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

(தோட்டத் தொழிலாளர்களுக்கும் அலுவலகச் சிப்பந்திகளுக்குமாகச் சங்கக் கிளை ஒன்று நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கல்வி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கக் கூட்டமென்றால் சம்பளம், போனஸ், லீவு, மருத்துவ வசதி இவற்றைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். இன்று என்னை வேறொரு விஷயம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. வாங்கிய சம்பளத்தில் மிஞ்சியதை எங்கே வைப்பது, வைத்தால் எவ்வளவு வளரும் என்பதே இன்றைய பேச்சு.

"மிச்சமா? அது எங்கே இருக்கிறது?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்பது என் காதில் விழுகிறது. (சிரிப்பு) நியாயமான கேள்விதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் 1,700 வெள்ளியாயிற்று. அரிசிக்கும் கோழிக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பது சொற்பம் என்பது எனக்குத் தெரியும். நானும் செக்ரோல் எழுதியே வயதானவன். எனினும், நமது வீடுகளில் ஒரு சிறு தொகை வந்து சேரும் வேளைகள் உண்டு. தோட்டம் கைமாறும்போது வேலை இழப்புப் பணம் வருகிறது. பட்டணத்துப் பாக்டரியில் வேலை செய்யும் பிள்ளை மாதாமாதம் அனுப்புகிறான். நகையை விற்ற காசு சில நாள் கையில் இருக்கிறது. ஆகவே, ஐயாயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய தொகை. பணக்காரர்களின் கணக்கில் அது சில்லறை.

அந்த ஐயாயிரம் நம் கையில் இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் லயத்துக்கு வருகிறார். "யூனிட் டிரஸ்டில் போடுங்கள், வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவிகிதம் கிடைக்கும்" என்கிறார். வண்ண வண்ணமாகக் கோடு போட்ட காகிதம் ஒன்றைக் காட்டுகிறார். கோடு மேலே போகிறது. நாம் கையெழுத்துப் போடுகிறோம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொல்வதில் எது நிச்சயம், எது நம்பிக்கை என்பதை நாம் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

யூனிட் டிரஸ்ட் என்றால் என்ன? ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிறார்கள். அதை ஒரு நிர்வாகக் கம்பெனி திரட்டி, பல கம்பெனிகளின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடுகிறது. சொத்து அந்தக் கம்பெனியின் கையில் இல்லாமல் டிரஸ்டி எனப்படும் வேறொருவர் பொறுப்பில் இருக்கும். லாபம் வந்தால் போட்ட விகிதப்படி பிரியும். நஷ்டம் வந்தாலும் அப்படியே பிரியும். இந்தியாவில் இதையே மியூச்சுவல் பண்டு என்பார்கள். இந்நாட்டில் இத்தகைய கம்பெனி முதன்முதலாகத் தோன்றியது 1959-ஆம் ஆண்டில். இன்று செக்யூரிட்டீஸ் கமிஷனின் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான நிதிகள் நடக்கின்றன.

பலருடைய சிறு காசைச் சேர்த்துப் பெரிய சொத்தாக்குவது நமக்குப் புதிதல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டார்கள். நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றார்கள். அப்பொழுது துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்ததுதான். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் தோட்டம். கூட்டுறவுச் சங்கமும் யூனிட் டிரஸ்டும் ஒன்றல்ல. கூட்டுறவில் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு, யூனிட் டிரஸ்டில் போட்டவருக்குத் தினசரி நிர்வாகத்தில் பேச்சே கிடையாது. ஆனால், சிறு துளிகளைத் திரட்டுகிற யோசனை ஒன்றே. அது கெட்ட யோசனை அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி கேள்விக்கு வருவோம். ஐயாயிரம் போட்டால் எவ்வளவு வரும்?

முதலில் ஆபத்துக் குறைந்த இடங்களைப் பார்ப்போம். பேங்கில் பிக்சட் டெபாசிட் போட்டால், சமீப வருஷங்களில் சுமார் இரண்டரை முதல் மூன்று சதவிகிதம் வட்டி. மூன்று என்றே வைத்தாலும், பத்து வருஷத்தில் ஐயாயிரம் 6,720 வெள்ளி ஆகும். பேங்க் திவாலானாலும் ஒருவருக்கு ஒரு பேங்கில் இரண்டரை லட்சம் வெள்ளி வரை அரசாங்கக் காப்புறுதி உண்டு. ஆனால், விலைவாசி ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருக்கும். 2022-இல் விலைவாசி 3.3 சதவிகிதம் ஏறிற்று. அந்த வருஷம் பேங்கில் இருந்த காசு எண்ணிக்கையில் கூடி, சாமான் வாங்கும் சக்தியில் குறைந்தது.

அடுத்தது அமானா சாஹாம் மலேசியா. 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. எல்லா இனத்தவரும் சேரலாம். யூனிட் விலை எப்பொழுதும் ஒரு வெள்ளிதான். வாங்கும்போது கமிஷன் கிடையாது. சமீப வருஷங்களில் நாலு முதல் ஐந்து சதவிகிதம் லாப ஈவு கொடுத்திருக்கிறது. நாலரை என்று வைத்தால் பத்து வருஷத்தில் 7,765 வெள்ளி. நம்மவர்களுக்கு எளிதான வழி இதுவே என்பது என் அபிப்பிராயம். ஒரு சங்கடம்: யூனிட்டுகள் எப்பொழுதும் கிடைப்பதில்லை. யாராவது விற்றால்தான் இடம் காலியாகும். போஸ்டாபீசிலோ பேங்கிலோ இல்லை என்று சொன்னால், மனம் சலித்துவிடாமல் அடுத்த வாரமும் போய்க் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நமக்குத் தெரிந்த ஊழியர் சேம நிதி. 1951-இல் அது அமைந்தபோது, கிழவனான பிறகு கிடைக்கும் காசுக்கு இப்போதே ஏன் பிடிக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் நம் தாத்தாமார்களிலும் இருந்திருப்பார்கள். முதல் லாப ஈவு இரண்டரை சதவிகிதம். 1983 முதல் 1987 வரை எட்டரை சதவிகிதம் கொடுத்தது. 2014 முதல் 2024 வரையுள்ள வருஷங்களை எடுத்தால், மிகக் குறைந்தது 2020-இல் 5.20, மிக உயர்ந்தது 2017-இல் 6.90, 2024-இல் 6.30. இரண்டரைக்குக் குறையாமல் கொடுப்பதாகச் சட்டத்திலேயே உத்தரவாதம் இருக்கிறது. ஐந்தரை என்று மட்டமாகவே வைத்தாலும், ஐயாயிரம் பத்து வருஷத்தில் 8,541 வெள்ளி ஆகும். சம்பளத்தில் பிடிப்பதற்கு மேல் நாமாகவும் சேம நிதியில் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. போட்டால் பெரும்பகுதி முதுமை வரை கைக்கு வராது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 8,541 என்ற எண்ணை மறக்க வேண்டாம். மீண்டும் வருவேன்.

இப்பொழுது, கழுத்துப்பட்டைக்காரர் கொண்டுவரும் பங்கு நிதி. இதன் விலை நாள்தோறும் மாறும். இதற்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? தோழர்களே, ரப்பர் விலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொரியா யுத்த காலத்தில் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. யுத்தம் தணிந்ததும் தரைக்கு வந்தது. அந்த உச்சத்தில் கணக்குப் பார்த்தவனும், இரண்டு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தவனும் ஒரே மரத்தைப் பற்றி இரண்டு கதை சொல்வார்கள். பங்குச் சந்தையும் அப்படியே.

கோலாலம்பூர் பங்குக் குறியீட்டு எண் 1994-ஆம் ஆண்டு ஜனவரியில் 1,300 புள்ளிகளைத் தாண்டி நின்றது. 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. 1998 செப்டம்பர் முதல் தேதி அது 262 புள்ளிக்கு விழுந்தது. அதாவது ஐந்தில் நாலு பங்கு போயிற்று. பிறகு ஏறிற்று, 2008-இல் 1,500-ஐத் தொட்டு, அதே ஆண்டு அக்டோபரில் 830-க்கு அருகே இறங்கிற்று. 2014-இல் 1,890-ஐத் தாண்டிற்று. கோவிட் நோய் வந்த 2020 மார்ச் மாதம் 1,220-க்கு வந்தது. 2024 முடிவில் 1,640 அளவில் இருந்தது.

இதைக் காசாக்கிப் பார்ப்போம். 1994-இல் உச்சத்தில் ஐயாயிரம் போட்டவனுக்கு, குறியீட்டின் போக்குப்படி 2024 முடிவில் சுமார் 6,250 வெள்ளி. முப்பது வருஷம்! 1998 செப்டம்பரில் அதே ஐயாயிரத்தைப் போட்டவனுக்குச் சுமார் 31,000 வெள்ளி. இரண்டு பேருக்குமே கம்பெனிகள் கொடுத்த லாப ஈவு இதற்கு மேல் உண்டு. அதையும் சேர்த்தால் முதலாமவனுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு சதவிகிதம், இரண்டாமவனுக்குப் பத்து. ஒரே நாடு, ஒரே சந்தை. வித்தியாசம், எந்த நாளில் போட்டான் என்பது மட்டுமே. அந்த செப்டம்பர் மாதத்தில், இதுதான் அடிமட்டம் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, ஏஜெண்டு காட்டும் காகிதத்தில் கோடு எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். பள்ளத்தில் தொடங்கினால் கோடு மேலேதான் போகும். 1998-இல் தொடங்கும் காகிதத்தைக் காட்டுவார்கள். 1994-இல் தொடங்குவதை யாரும் காட்டுவதில்லை.

இன்னொரு வித்தை இருக்கிறது. "எங்கள் நிதியின் சராசரி லாபம் பத்து சதவிகிதம்" என்பார்கள். முதல் வருஷம் ஐம்பது சதவிகிதம் ஏறிற்று. ஐயாயிரம் 7,500 ஆயிற்று. இரண்டாம் வருஷம் முப்பது சதவிகிதம் இறங்கிற்று, 7,500-இல் முப்பது சதவிகிதம் 2,250, மிச்சம் 5,250. ஐம்பதில் முப்பதைக் கழித்து இரண்டால் வகுத்தால் சராசரி பத்து என்பது உண்மைதான். ஆனால், இரண்டு வருஷத்தில் கையில் கூடியது 250 வெள்ளி! வருஷத்துக்கு இரண்டரை சதவிகிதம்கூட முழுதாக இல்லை. கிராணிமார்களே, நீங்கள் இதை ஒரு தாளில் போட்டு உங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களுக்குக் காட்டுங்கள். சராசரி எவ்வளவு என்று கேட்காதீர்கள். போட்ட ஐயாயிரம் இத்தனை வருஷத்தில் எத்தனை வெள்ளி ஆயிற்று என்று கேளுங்கள்.

இப்பொழுது செலவுக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வாளி நிறையப் பாலைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வருகிறோம். நிறுத்துகிறார்கள். அந்த எடைக்கா கணக்கு? இல்லை. மெட்ரோலாக்கைப் போட்டுப் பார்த்து, இதில் உலர்ந்த ரப்பர் இவ்வளவுதான் என்று எழுதுகிறார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர், மற்றது தண்ணீர். பாலின் எடையைச் சொல்லி யாராவது பெருமை பேசினால் நாம் சிரிப்போம். யூனிட் டிரஸ்டில் மட்டும் பாலின் எடையை நம்பிக் கையெழுத்துப் போடுகிறோமே, அது ஏன்?

பங்கு நிதி வாங்கும்போது ஐந்து சதவிகிதம் அளவுக்கு விற்பனைக் கட்டணம் என்பது ஏஜெண்டு மூலம் வாங்குவோர் சாதாரணமாகக் கொடுப்பது. ஐயாயிரம் கொடுத்தால் சுமார் 238 வெள்ளி அன்றைக்கே போயிற்று. நிதியில் போய்ச் சேர்வது 4,762. பிறகு வருஷா வருஷம் ஒன்றரை சதவிகிதம் அளவில் நிர்வாகக் கட்டணம். இது நம் கையிலிருந்து கேட்டு வாங்குவதல்ல, நிதிக்குள்ளேயே எடுத்துக்கொள்வார்கள். ரசீது வராது. ஆகவே கண்ணில் படாது. லாபம் வந்த வருஷம் மட்டுமா எடுப்பார்கள்? நஷ்டம் வந்த வருஷமும் எடுப்பார்கள்.

நிதி போட்ட பங்குகள் பத்து வருஷம் சராசரியாக எட்டு சதவிகிதம் வளர்ந்தன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். செலவே இல்லையென்றால் ஐயாயிரம் 10,795 ஆகும். விற்பனைக் கட்டணமும் வருஷக் கட்டணமும் போனபின் 8,939. கழிந்தது 1,856 வெள்ளி. இருபது வருஷமென்றால் 23,305-க்குப் பதிலாக 16,780. கழிந்தது ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். நாம் போட்ட முதலையே விட அதிகம்! முதல் போட்டது நாம். நஷ்டத்துக்கு உள்ளாவது நாம். கூலி மட்டும் அவர்களுக்கு நிச்சயம்.

இப்போது அந்த 8,541-ஐ எடுங்கள். சேம நிதியில் ஐந்தரை சதவிகிதத்தில் பத்து வருஷம் இருந்தால் கிடைப்பது. பங்கு நிதி எட்டு சதவிகிதம் சம்பாதித்து, செலவு போக நமக்குக் கொடுப்பது 8,939. வித்தியாசம் 398 வெள்ளி. பத்து வருஷம் ராத்தூக்கம் கெட்டதற்கு வருஷத்துக்கு நாற்பது வெள்ளி கூலி! எட்டுக்குப் பதில் ஏழு சதவிகிதம்தான் சம்பாதித்தது என்றால் நமக்கு 8,134. சேம நிதியைவிடக் குறைவு. இதனால்தான் சேம நிதியில் இருக்கும் பணத்தை யூனிட் டிரஸ்டுக்கு மாற்றச் சொல்லி வருகிறவர்களிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள் என்கிறேன். 1996 முதல் அப்படி மாற்ற வழி இருக்கிறது. வயதுக்கேற்ப நிர்ணயித்த அடிப்படைச் சேமிப்புக்கு மேல் உள்ளதில் முப்பது சதவிகிதம் வரை மாற்றலாம். சேம நிதி மூலம் போட்டால் விற்பனைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அது குறைவுதான். ஆனாலும் மாற்றிய நாள் முதல் சேம நிதியின் லாப ஈவு அந்தப் பணத்துக்குக் கிடையாது. அந்த நிதி வருஷா வருஷம் சேம நிதியை முந்த வேண்டும். முந்தாவிட்டால் நமக்கு நஷ்டம், ஏஜெண்டுக்கு இல்லை.

அப்படியானால் பங்கு நிதியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சில தோழர்கள் யூனிட் டிரஸ்ட் என்றாலே சூது என்கிறார்கள். அதுவும் தவறு. வயது இருபத்தைந்து, வேலை நிலையானது, அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு தனியாக இருக்கிறது, பத்துப் பதினைந்து வருஷம் தொடப்போவதில்லை என்றால், குறைந்த செலவுள்ள பங்கு நிதியில் ஒரு பகுதி போடுவது நியாயமே. கன்று நட்டவுடன் யாரும் பால் வெட்டக் கத்தி எடுப்பதில்லை. ஐந்தாறு வருஷம் காத்திருக்கிறோம். அந்தப் பொறுமையும், இடையில் பாதியாகக் குறைந்தாலும் விற்காமல் இருக்கும் நெஞ்சும் வேண்டும்.

மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் போடுவது நமக்குப் பொருத்தம். யூனிட் ஒரு வெள்ளி விற்கும் மாதம் ஐம்பது வெள்ளிக்கு ஐம்பது யூனிட். ஐம்பது காசுக்கு விழுந்த மாதம் அதே ஐம்பது வெள்ளிக்கு நூறு யூனிட். விலை திரும்ப ஒரு வெள்ளிக்கு வந்தால், போட்ட நூறு வெள்ளிக்கு 150 யூனிட் கையில் இருக்கும். விலை திரும்பாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். மாதம் ஐம்பது வெள்ளி வீதம் ஐந்து சதவிகிதத்தில் இருபது வருஷம் போட்டால், போட்டது 12,000; கிடைப்பது சுமார் 20,500.

மனக்கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். எழுபத்திரண்டை வட்டி விகிதத்தால் வகுங்கள். பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் என்பது வரும். மூன்று சதவிகிதம் என்றால் இருபத்துநாலு வருஷம். நாலு என்றால் பதினெட்டு. ஆறு என்றால் பன்னிரண்டு. யாராவது ஒரே வருஷத்தில் இரட்டிப்பு என்றால் அவர் எழுபத்திரண்டு சதவிகிதத்துக்கு மேலான லாபம் தேடித் தருவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம். ஊரிலுள்ள எந்தப் பேங்க்காரனுக்கும் கிடைக்காத அந்த லாபத்தைத் தேடிக்கொண்டு லயத்துக்கு ஏன் வருகிறார்? (சிரிப்பு)

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. மாதம் பத்து சதவிகிதம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். கணக்குப் போடுங்கள். மாதம் பத்து சதவிகிதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் ஐயாயிரம் வெள்ளி ஐந்து வருஷத்தில் பதினைந்து லட்சத்தைத் தாண்டும். அப்படி ஒரு வித்தை தெரிந்தவன் நம் ஐயாயிரத்துக்காகக் கெஞ்சுவானா? முதல் இரண்டு மூன்று மாதம் காசு ஒழுங்காக வரும். அது பின்னால் சேர்ந்தவர்கள் போட்ட காசு. அதை நம்பி நாம் தங்கச்சியையும் மச்சானையும் சேர்த்துவிடுவோம். பிறகு ஒருநாள் போன் எடுக்கமாட்டார்கள். பணம் போவதோடு உறவும் போகிறது. முன்னே கூட்டு கட்டிய காலத்திலும் பிடித்தவன் ஓடிப்போன கதைகள் உண்டு. 1971-இல் கூட்டு நடத்துவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் கூட்டில், ஓடினவன் இன்ன லயத்துக்காரன் என்றாவது தெரியும்.

யூனிட் டிரஸ்ட் விற்பவர் முறையாகப் பதிவு பெற்றவரா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். செக்யூரிட்டீஸ் கமிஷன் அனுமதியில்லாத பேர்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் போனில் எடுத்துக் காட்டும். பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்கிலோ கையிலோ கொடுக்கவே கூடாது. கம்பெனியின் பேரில் மட்டுமே. கடன் வாங்கியும் போடாதீர்கள். யூனிட் டிரஸ்டுக்குப் பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள காப்புறுதி கிடையாது என்பதையும், பேங்க் கட்டடத்திலேயே விற்றாலும் அது டெபாசிட் ஆகிவிடாது என்பதையும் கிராணிமார்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.

(ஒரு தாய்: என் மகளுக்கு இரண்டு வருஷத்தில் கல்யாணம் வைக்கலாமென்று இருக்கிறோம். கையில் ஏழாயிரம் இருக்கிறது. பங்கு நிதியில் போட்டால் நகைக்கு ஆகுமா?)

வேண்டாம் அம்மா. இரண்டு வருஷத்தில் எடுக்க வேண்டிய காசு பங்கு நிதிக்கு உரியதல்ல. முகூர்த்தம் குறித்த மாதத்தில் சந்தை விழுந்திருந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் குறியீட்டு எண் ஏறட்டும் என்று சொல்ல முடியாது. (சிரிப்பு) அமானா சாஹாமில் இடம் கிடைத்தால் அதில் போடுங்கள். இல்லையேல் பிக்சட் டெபாசிட். இரண்டு வருஷத்தில் நானூறு, அறுநூறு வெள்ளி கூடும். குறைவுதான். ஆனால் ஏழாயிரம் ஏழாயிரமாகவே இருக்கும்.

(ஒரு தோழர்: எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்கப் போகிறதாம். வேலை இழப்புப் பணம் எவ்வளவு வரும்? அதை என்ன செய்வது?)

ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவர்களுக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள் சம்பளம் என்பது 1980-ஆம் ஆண்டுச் சட்டவிதி. இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை பதினைந்து நாள். அதற்குக் கீழே பத்து நாள். சங்க ஒப்பந்தத்தில் இதைவிட மேலாக இருந்தால் அதுவே செல்லும், செயலாளரிடம் கேளுங்கள். அந்தப் பணம் வந்த நாளில் லயத்து வாசலில் ஏஜெண்டுகள் நிற்பார்கள். ஆறு மாதத்துக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு எங்கே, அடுத்த வேலை எங்கே என்று தெரியாத நிலையில் அது முதலீட்டுக்கான பணமல்ல, சோற்றுக்கான பணம். பேங்கில் சும்மா கிடக்கட்டும்.

(மற்றொரு தோழர்: ஐயா, நான் போன வியாழக்கிழமைதான் ஒரு பங்கு நிதியில் எட்டாயிரம் போட்டுக் கையெழுத்தும் கொடுத்துவிட்டேன். வீட்டில் தெரியாது. இப்போது என்ன செய்வது?)

கவலைப்படாதே தம்பி, நல்ல வேளையில் கேட்டாய். அந்தக் கம்பெனியின் நிதியில் நீ போடுவது இதுதான் முதல் தடவையா? ஆமாம் என்கிறாய். அப்படியானால் மனம் மாறினால் திரும்பப் பெற உனக்கு உரிமை இருக்கிறது. உன் விண்ணப்பம் கம்பெனிக்குக் கிடைத்த நாள் முதல் ஆறு வேலை நாளுக்குள் எழுத்து மூலம் கேட்டால், விற்பனைக் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். சனி ஞாயிறு கணக்கில் சேராது. ஆகவே உனக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஆனால் தள்ளிப் போடாதே. ஏஜெண்டிடம் போகாதே, அவர் பேசிப் பேசி நாளைக் கடத்துவார். நேரே கம்பெனி ஆபீசுக்குக் கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள். எடுப்பதா வைத்திருப்பதா என்பதை இன்றிரவு உன் மனைவியுடன் உட்கார்ந்து தீர்மானித்துக்கொள். அந்த எட்டாயிரம் அவளுடையதும்தான். எடுப்பதென்றால் நாளைக் காலை வெட்டு முடிந்ததும் காகிதங்களோடு சங்க ஆபீசுக்கு வா. கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். செயலாளர் உன்னோடு வருவார்.